பூசூக்கிப் பாணர் மார்க்கோஸ்

ஏஜியன் கடலின் சீரோஸ் தீவில், 1905 மே 10ஆம் நாள், ஏழைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் மார்க்கோஸ் வம்வக்காரிஸ் பிறந்தார். தந்தையார் தோற்பைக் குழல் இசைப்பவர். வறுமையால் பள்ளிப் படிப்பு விரைவிலேயே நின்றது. பன்னிரண்டாம் அகவையில் வீட்டைத் துறந்து கப்பலில் ஒளிந்தேறிப் பிரேயஸ் துறைமுகத்தை அடைந்த சிறுவன், அங்கு நிலக்கரி சுமந்தான். பின்னர் இறைச்சிக்கூடத்தில் தோலுரிக்கும் தொழிலாளியானான்.

ஏறத்தாழ இருபதாம் அகவையில், நிக்கோஸ் ஐவலியோட்டிஸ் என்பார் பூசூக்கி என்னும் நெடுங்கழுத்து நரம்புக் கருவியை மீட்டக் கேட்டார். ஆறு திங்களில் இதனைக் கற்கவில்லையேல், எலும்பு வெட்டும் கத்தியால் தம் கையையே துண்டித்துக்கொள்வதாக அன்றே சூளுரைத்தார். அத்தொழில் புரிந்தவர் வாயில் அது வெறும் சொல்லலங்காரம் அன்று. கை தப்பியது, கலை வாய்த்தது.

அந்நாளில் பூசூக்கி, சிறைக்கூடங்களுக்கும் கஞ்சாப் புகை மண்டிய விடுதிகளுக்கும் உரிய கருவியாகவே இழிவாக எண்ணப்பட்டது. 1922ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப்பின் சின்ன ஆசியாவிலிருந்து வந்து குவிந்த ஏதிலிகளின் துயரமும் துறைமுக ஏழையரின் வாழ்வும் கலந்து 'ரெபெட்டிகோ' என்னும் பாடல் வகை அங்கு வளர்ந்தது. 1934இல் மார்க்கோஸ், பாத்திஸ், ஸ்திராத்தோஸ், அனெஸ்திஸ் தெலியாஸ் ஆகியோர் 'பிரேயஸ் நால்வர்' எனக் கூடி மேடையேறினர். பாட்டும் மெட்டும் மார்க்கோசே புனைந்தார். கரகரத்த குரலில் தாமே பாடினார். இசையறிஞர் செவிக்கு அக்குரல் உவப்பாக இராது. எனினும், அப்பாடல்களுக்கு வேறு குரல் பொருந்துமா என்பது ஐயமே.

1935இல் சொந்தத் தீவுக்குச் சென்று இசைத்தபோது கண்ட ஒரு பெண்ணின் நினைவாகப் பிறந்ததே 'ஃபிராங்கோசிரியானி'. அத்தீவின் கத்தோலிக்கப் பெண் என்பதே அப்பெயரின் பொருள்.

மெட்டாக்ஸாசின் சர்வாதிகாரம் 1936இல் தொடங்கியது. தொடர்ந்து வந்த தணிக்கை போதைப் பாடல்களைத் தடை செய்தது. மார்க்கோஸ் காதற்பாடல்களை நாடினார். தோழர் தெலியாசோ 1944இல் போதைக்கே இரையானார். போருக்குப்பின் மக்களின் சுவை மாறிற்று. முடக்குவாதம் மார்க்கோசின் விரல்களைப் பற்றியது. ஆறு திங்களில் வசப்படுத்திய கருவி கைவிட்டுப் போகலாயிற்று. ஒரு காலத்தில் இசைத்தட்டுகளால் நாடறிந்தவர், மதுவிடுதிகளில் வாசித்துத் தட்டேந்திக் காசு பெற்றார்.

1960ஆம் ஆண்டையொட்டி பித்திகோத்சிஸ் என்னும் பாடகர் அவருடைய பழம் பாடல்களைப் பாடிப் பதிவு செய்யவே, புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. 1972 பிப்ரவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் சொல்லச் சொல்லப் பதிவான தன்வரலாறு, மறு ஆண்டு நூலாக வெளிவந்தது.