விசுவாச வீரர் ஜார்ஜ் முல்லர்

கிறிஸ்தவ வேதத்தில் அடிக்கடி பயின்று வரும் சொற்களுள் விசுவாசம் என்பதும் ஒன்று. கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வதே விசுவாசம் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வளவே விசுவாசமாயின் அது பேய்களுக்கும் உண்டென்று யாக்கோபு தம் நிருபத்தில் இடித்துரைக்கிறார். பழைய ஏற்பாடு எழுதப்பெற்ற எபிரேய மொழியில் இதற்குரிய சொல், அசையாது உறுதியாய் நிற்றல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. செபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் என்பதும் அவ்வேரிற் பிறந்ததே. தாங்கத் தக்க ஒருவர்மேல் நம் முழுப் பாரத்தையும் சாய்த்து நிற்றல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். போய்ச் சேரும் இடம் இன்னதென்று அறியாமலே, அழைத்தவரை நம்பிப் புறப்பட்ட ஆபிரகாமை எபிரெயருக்கு எழுதிய நிருபம் சான்றாகக் காட்டுகிறது.

ஆபிரகாம் மிகப் பழைய காலத்தவர். இரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில், சம்பளம் என்பதே இல்லாமல், ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்து, அச்சொல்லுக்கு ஓர் உரைபோல் வாழ்ந்தவர் ஜார்ஜ் முல்லர். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் இருக்கிறோம். எச்சமயத்தாரும் அறிந்துகொள்ளத் தக்க வரலாறு இது. மேலும், நாம் வாழும் இந்த ஜபல்பூருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

முல்லர் 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரஷ்ய நாட்டிற் பிறந்தார். தந்தையார் வரி வசூல் செய்யும் உத்தியோகஸ்தர். மகனோ பத்து வயது நிரம்புமுன்னரே, தந்தையார் வைத்திருந்த சர்க்கார் பணத்திற் கை வைத்தவர். பதினான்காம் வயதில், தாயார் மரணப் படுக்கையில் இருந்த இரவில், அதை அறியாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார். பதினாறாம் வயதில், உயர்ந்த விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கொடாத குற்றத்திற்காகச் சிறை சென்றார். இத்தகைய பிள்ளையைக் குருவாக்க வேண்டுமென்று தந்தையார் விரும்பியது பக்தியினால் அன்று. குருமார் உத்தியோகம் வசதியான வாழ்வைத் தரும் என்பதே காரணம்.

குருத்துவக் கல்விக்காக ஹாலே பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரும் குணம் மாறவில்லை. 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவருடன் ஒரு வீட்டில் நடந்த சிறு செபக்கூட்டத்திற்குச் சென்றார். அங்கே ஒருவர் முழந்தாளிட்டுச் செபித்தார். மனிதர் ஒருவர் முழந்தாளிட்டுச் செபிப்பதை முல்லர் அதற்குமுன் கண்டதே இல்லை! அன்றிரவு வீடு திரும்பியவர் வேறு மனிதர்.

ஹாலே என்னும் பெயர் தமிழருக்குப் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர் அவ்வூரிற் பயின்றவரே. அவருடைய ஆசானாகிய பிராங்கே என்பார் கடவுளையே நம்பித் தொடங்கிய பெரிய அநாதை இல்லம் அங்கே இருந்தது. அவ்வில்லத்தில் ஏழை மாணவர்க்கென இருந்த அறையில் முல்லர் இரண்டு மாதம் தங்கியிருந்தார். அங்கு விழுந்த விதை முளைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

1829இல் இங்கிலாந்து சென்ற முல்லர், மறு ஆண்டில் டின்மத் என்னும் கடற்கரையூரில் ஒரு சிறு சபையின் போதகரானார். அவ்வாண்டு அக்டோபரில் மேரி குரோவ்ஸ் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையாரின் தமையனார் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ், நல்ல வருவாயுள்ள பல் வைத்தியத் தொழிலை விட்டுப் பாக்தாத் நகருக்கும், பின்னர் 1833இல் இந்தியாவுக்கும் ஊழியஞ் செய்ய வந்தவர். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் அருளப்பன் அவருடைய மாணாக்கர். மிஷன் சம்பளத்தை நாடாமல் அருளப்பன் ஊழியஞ் செய்தது இந்தத் தொடர்பினாலேதான்.

அக்காலத்தில் கோயில் ஆசனங்களுக்கு வாடகை வாங்கி, அதிலிருந்து போதகருக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கம். பணம் படைத்தவருக்கு நல்ல இடம். ஏழைக்குக் கடைசி இடம். இது யாக்கோபின் நிருபத்திற்கு முற்றும் மாறானது என்று கண்ட முல்லர், மணமான அம்மாதத்திலேயே தம் சம்பளத்தை விட்டார். வாசலில் ஒரு பெட்டி மட்டும் வைக்கப்பட்டது. தம் தேவையை மனிதர் எவரிடமும் கூறுவதில்லை, கடவுளிடம் மட்டுமே கூறுவது என்று கணவனும் மனைவியும் உறுதி செய்துகொண்டனர். ரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுல் கூறியபடி, எவருக்கும் கடன்படுவதில்லை என்பதும் அவர்கள் விரதம். மாதப் பிறப்பில் சம்பளம் வாங்கும் நம்மனோர்க்கு இது எளிதில் விளங்காது. புது மணப்பெண்ணான அவ்வம்மையாரின் துணிவைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன்.

1832இல் அவர்கள் பிரிஸ்டல் நகரிற் குடியேறினர். அங்கே ஓர் ஏழைத் தொழிலாளி நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்து உடல் நலிந்து வந்தார். உழைப்பைச் சற்றுக் குறைத்துக் கடவுளையும் நாடும்படி முல்லர் கூற, குறைத்தால் குடும்பத்திற்குப் போதாதே என்று அவர் வருந்தினார். கடவுள் இன்றும் வாக்கு மாறாதவர் என்பதை இத்தகையோர் கண்ணாற் காணும்படி ஒன்று செய்ய வேண்டும் என்னும் எண்ணம் முல்லருக்கு எழுந்தது. அநாதைகளிடம் இரக்கம் இருந்தது உண்மையே. ஆயினும் அநாதை இல்லத்தின் முதல் நோக்கம் இதுவே என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1835 டிசம்பரில், 81ஆம் சங்கீதத்தைப் படிக்கையில், கேட்பதிற் குறுகிய மனம் கூடாது என்னும் கருத்துள்ள வசனம் அவர் உள்ளத்தைத் தொட்டது. ஆயிரம் பவுன் பணமும், வீடும், பணி செய்யத் தக்க ஆட்களும் வேண்டுமெனச் செபித்தார். ஒவ்வொன்றாய் வந்தன. 1836 பிப்ரவரி 3ஆம் நாள், குழந்தைகளுக்கு விண்ணப்பம் பெறுவதற்கென்று உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை! எல்லாம் கேட்ட தாம் குழந்தைகளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அன்று மாலை அதற்காகச் செபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் வில்சன் தெருவில் இல்லம் திறக்கப்பெற்றது.

அடுத்த சில ஆண்டுகள் மிகக் கடினமானவை. காலையில் கையில் ஒரு பென்னியும் இல்லாத நாட்கள் பல. பணியாளர்கள் கூடிச் செபிப்பார்கள். தம்மிடமுள்ள சிறு பொருளையும் விற்று அவர்களே கொடுப்பார்கள். ஆண்டு அறிக்கை வெளியிடுவதே ஒருவகை யாசகம் அன்றோ என்று அவரைக் குறை கூறினவர்கள் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1841 டிசம்பரில், பணமுடை மிகுந்திருந்த சமயத்தில், அறிக்கை வெளியிடும் வேளை வந்தபோது, அது வேண்டுகோள்போல் தோன்றிவிடும் என்று கருதி முல்லர் அதை வேண்டுமென்றே பல மாதம் தள்ளிவைத்தார். யாசிப்பவர் செய்யும் செயலன்று அது. கணக்கு வைப்பதிலும் அவர் மிகக் கண்டிப்பானவர். கொடுத்தவர் பெயரை வெளியிடாமல், தாம் கொடுத்த தொகை கணக்கிற் சேர்ந்ததை ஒவ்வொருவரும் அறிக்கையிற் கண்டுகொள்ள வழி செய்திருந்தார். நம்பிக்கை உடையவருக்குக் கணக்கு எதற்கு என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தெருவிலுள்ளோர் குழந்தைகளின் இரைச்சலைப் பற்றிக் குறைபட்டதால், ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தை 1846இல் வாங்க முற்பட்டார். ஏக்கர் 200 பவுன் என்றிருந்த உரிமையாளர், இரவு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உறக்கம் வராமல் இதையே எண்ணிக் கிடந்து, காலையில் 120 பவுனுக்கே தர ஒப்பினார். 1849இல் முதற் கட்டிடம் திறந்தது. 1870க்குள் ஐந்து பெருங் கட்டிடங்களில் 2,050 குழந்தைகள் தங்க இடம் ஏற்பட்டது.

1857 நவம்பரில், முதற் கட்டிடத்தைச் சூடாக்கும் கொதிகலம் ஒழுகத் தொடங்கிற்று. செங்கற் கட்டை இடித்தால்தான் ஓட்டை தெரியும். அதுவரை நெருப்பை அணைக்க வேண்டும். முந்நூறு குழந்தைகள் குளிரில் என்ன ஆவர்? புதன்கிழமை வேலை என்று நாள் குறித்த பின்னர்க் கடுமையான வாடைக் காற்று வீசத் தொடங்கிற்று. முல்லர் நாளை மாற்றவில்லை. வாடையைத் தென்றலாக்க வேண்டும் என்றும், நெகேமியா காலத்து மக்களைப்போல் வேலையாட்களுக்கு வேலை செய்ய மனம் தர வேண்டும் என்றும் இரண்டே செபித்தார். செவ்வாய் இரவும் வாடையே. புதன்கிழமை காற்று தெற்கே திரும்பியது. நெருப்பே தேவைப்படாத அளவுக்கு இதமாயிற்று. மாலையில் தொழிற்சாலை முதலாளி வந்து, ஆட்கள் நேரங்கழியும் வரை இருந்துவிட்டு மறுநாட் காலையில் வருவார்கள் என்றார். இரவு முழுதும் வேலை செய்கிறோம் என்று ஆட்களே முன்வந்தார்கள். ஏறக்குறைய முப்பது மணி நேரத்தில் எல்லாம் முடிந்து நெருப்பு மூட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்டவர்கள், கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்திற் கூறிய விசுவாச வரம் அவருக்குத் தனியாகக் கிடைத்ததென்று புகழ்ந்தனர். அவரோ அதைப் பிடிவாதமாக மறுத்தார். எளிய விசுவாசிக்கும் உள்ள அதே விசுவாசந்தான், சோதனையிற் பயின்று சிறிது சிறிதாய் வளர்ந்தது என்பார்.

கேட்டதெல்லாம் கிடைத்த மனிதர் என்று அவரை எண்ணுவது பிழை. 1835இல், ஓராண்டு கடந்த ஒரே ஆண்குழந்தை இறந்தது. 1870 பிப்ரவரியில், நாற்பது ஆண்டுத் துணையாகிய மேரி அம்மையார் வாதக் காய்ச்சலாற் படுத்தார். குணமாக வேண்டுமென்று முல்லர் கெஞ்சிச் செபித்தார். உத்தமருக்குக் கடவுள் நன்மையை மறுப்பதில்லை என்னும் சங்கீதத்தை நினைத்து, பிழைப்பது உண்மையில் நன்மையானால் பிழைப்பாள், இல்லையானால் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். 6ஆம் நாள் அம்மையார் காலமானார். கடவுள் நல்லவர் என்பதையே பொருளாகக் கொண்டு அடக்கப் பிரசங்கத்தை அவரே செய்தார். வேதம் கூறும் விசுவாசம், வேண்டியதைப் பெறுவதற்கு நாம் கொடுக்கும் விலையாக இருந்தால் அன்றே அது முறிந்திருக்கும்.

எழுபதாம் வயதில், 1875இல், உலகச் சுற்றுப் பயணம் தொடங்கி 42 நாடுகளில் பிரசங்கம் செய்தார். இந்தியாவுக்கும் வந்தார். பம்பாயையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப் பாதைகள் 1870இல் கூடிய இந்த ஜபல்பூரில், 1890 ஜனவரியில், 84 வயது முதியவராகப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் அவர் கையிற் கிடைத்தது. ஒரே மகள் லிடியா பிரிஸ்டலில் இறந்துவிட்ட தந்தி ஆக்ராவிலிருந்த மிஷனரி ஒருவருக்கு வந்து, அவர் எழுதிய கடிதம் அது. பல ஆண்டுகள் சம்பளமின்றி அநாதை இல்லத்திற் பணி செய்தவர் லிடியா. அவர் கணவராகிய ரைட் என்பாரே இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். பெருந்துயரிலும் தம் நம்பிக்கை தளரவில்லை என்று முல்லர் எழுதியுள்ளார். அவ்வளவில் பயணத்தை நிறுத்தி ஊர் திரும்பினார்.

1898 மார்ச்சு 9ஆம் நாள் மாலை வழக்கம்போல் செபக்கூட்டம் நடத்தினார். மறுநாட் காலை அறையில் தனியே உயிர் நீத்தார். வயது 92. பிரிஸ்டலிற் கடைகள் மூடப்பெற்றன. அநாதைக் குழந்தைகள் பிரேதத்தின் பின்னே நடந்தனர். அவர் காலத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தனர். அவருடைய பணிகளுக்கென்று ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பவுன் வந்து சேர்ந்தது. தமக்கென்று வந்ததிலும் எண்பதினாயிரம் பவுனுக்கு மேல் திரும்பக் கொடுத்துவிட்டார். இறந்த பின் மதிப்பிட்டபோது அவருக்கிருந்த உடைமை, புத்தகங்களும் வீட்டுச் சாமான்களும் உட்பட, இருநூறு பவுன்கூடப் பெறவில்லை.