ஐடா ஸ்கடர் அம்மையார்

பிறர் துயர் கண்டு இரங்குவோர் பலர். அத்துயரைத் துடைப்பதற்குத் தம் வாழ்நாளையே அளிப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவினின்று கப்பலேறி இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றிய மருத்துவர். தந்தையாரும் மருத்துவரே. இளமையில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடா, இந்நாட்டில் வாழவோ மருத்துவம் கற்கவோ விரும்பவில்லை. அமெரிக்கா சென்று பள்ளிக் கல்வி பெற்றார். தாயார் நோயுற்றமையால் 1890இல் திண்டிவனத்திற்கு வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

ஒருநாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடா தாம் மருத்துவம் கல்லாதவர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் இல்லத்துப் பெண்டிரைத் தொடுதல் அக்கால வழக்கத்திற்கு மாறு என எண்ணி, மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மாண்ட செய்தி வந்தது. அவ்விரவு ஐடாவின் வாழ்வை மாற்றியது. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1900இல் திரும்பிய அம்மையார், 1902இல் வேலூரில் மகளிர் மருத்துவமனையைத் திறந்தார். மருந்தும் கத்தியும் மட்டும் நோயாளியைக் காத்துவிடுமோ? மருத்துவர் சென்ற பின்னர் நோயாளியின் அருகிருந்து இரவெல்லாம் கண்காணிப்பவர் வேண்டாவோ? அத்தகையோரை உருவாக்க 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் தோன்றியது. 1946இல் செவிலியர்க்குப் பட்டப் படிப்பும் ஏற்பட்டது.

1949ஆம் ஆண்டில், ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரின் தலைமையில், வேலூரில் நெஞ்சறுவைத் துறை அமைந்தது. இந்தியாவில் அத்துறைக்கென எழுந்த முதற்பிரிவு அதுவே. காசநோயால் கெட்ட நுரையீரற் பகுதியை அறுத்து நீக்கும் சிகிச்சை அந்நாளில் பலருக்குப் புதுவாழ்வு தந்தது.

இத்தகைய அறுவையில் செவிலியர் பணி மிகப் பெரிது. தையலிட்ட நெஞ்சு வலிக்குமாதலால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விடவும் இருமவும் அஞ்சுவார். அதனால் சளி தேங்கும், நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கும், காய்ச்சலும் தொடரும். நெஞ்சறையுள் குருதியோ காற்றோ சேர்ந்தாலும் இடர் நேரும். இவற்றை முன்னரே அறிவிக்கும் தூதுவன் மூச்சே. ஓய்ந்திருக்கும்போது வளர்ந்தோர் நிமிடத்திற்குச் சற்றொப்ப 12 முதல் 20 முறை மூச்சு விடுவர். அவ்வெண்ணிக்கை படிப்படியாக ஏறினும், மூச்சு மேலோட்டமாயினும், நெஞ்சின் ஒருபுறம் எழும்பாது நிற்பினும், உதடு நீலம் பாரிப்பினும் செவிலியர் உடனே மருத்துவரை அழைப்பார். தன் மூச்சைப் பிறர் எண்ணுகின்றனர் என்று அறிந்தால் நோயாளியின் மூச்சு இயல்பு மாறும். ஆகவே நாடி பார்ப்பவர்போல் மணிக்கட்டைப் பற்றியவாறே, நெஞ்சின் எழுச்சியை முழுநிமிடம் எண்ணுவர். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் முனை புட்டி நீருள் அமிழ்ந்திருக்கும். மூச்சுக்கேற்பக் குழாய்நீர் ஏறி இறங்குகின்றதா என்பதையும் நோக்குவர். அவ்வசைவு திடீரென நின்றால், குழாய் அடைபட்டதோ என்று ஆராய்வர். விரல் நுனியில் மாட்டி உயிர்வளியின் அளவை அறியும் கருவி இன்று உண்டு. ஆயினும் அக்கருவியின் எண் குறையுமுன்னரே மூச்சு விரைதல் பலகாலும் காணப்படும். எனவே கண்காணிக்கும் மனிதக் கண்ணுக்கு ஓய்வில்லை.

1946இல் பணியினின்று ஓய்வு பெற்ற அம்மையார், கோடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதம் தம் 89ஆம் வயதில் காலமானார். தாம் நட்ட சிறு கன்று பெருமரமானதைக் கண்டே அவர் கண் மூடினார்.

அன்று திண்டிவனத்து இரவில் மூன்று பெண்களுக்கு உதவ ஒரு பெண் மருத்துவர் இல்லை. இன்று விக்கிரமங்கலம் போன்ற சிற்றூரில் பிறக்கும் பெண்ணும் மருத்துவராகலாம். செவிலியராகி, நள்ளிரவில் ஒரு நோயாளியின் மூச்சை எண்ணி, அவர் உயிரைக் காக்கலாம். உதவ இயலாது நின்ற ஓர் இரவின் துயரை மறவாது, அதனையே அறமாக மாற்றிக்கொண்ட அம்மையாரின் வாழ்வு நாம் பின்பற்றத் தக்கதாகும்.