இருபது வயதில் நின்ற இசை

ஸ்பெயினின் அரசியல், பொருளாதார மாற்றத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். 1975 நவம்பரில் சர்வாதிகாரி பிராங்கோவின் மறைவு, 1978இன் புதிய அரசமைப்புச் சட்டம், 1981 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குள் ஆயுதத்துடன் புகுந்தவர்களின் தோல்வியுற்ற ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஆகிய அனைத்தும் என் குறிப்பேட்டில் இருந்தன. அக்காலத்து மாட்ரிட் இளைஞர்கள் மாலைப்பொழுதுகளில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. எடுவார்டோ பெனாவென்டே என்ற பெயரை நான் அறிந்ததே ஓய்வுபெற்ற பிறகுதான்.

1962இல் மாட்ரிடில் பிறந்தவர் அவர். பிராங்கோ இறந்தபோது வயது 13. லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளம்பிய பங்க் இசை, தேர்ந்த பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்ற துணிவை அத்தலைமுறைக்குக் கொடுத்தது. 'அலாஸ்கா இ லோஸ் பெகமோய்டெஸ்' குழுவில் முதலில் டிரம்ஸ், பிறகு கிட்டார் வாசித்தார் பெனாவென்டே. அக்குழுவுக்கு இஸ்பாவோக்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம் இருந்தது. 1982இல் 'பைலாண்டோ' என்ற அதன் நடனப் பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது.

எந்தப் பொருளியல் மாணவனும் அங்கேயே இருக்கச் சொல்லியிருப்பான். நானும் சொல்லியிருப்பேன். அவர் விலகினார்.

1981இல் பெனாவென்டே சகோதரர் இருவரும் கனுட் சகோதரர் இருவரும் சேர்ந்து ஒரு பக்கக் குழுவைத் தொடங்கியிருந்தனர். பெயர் 'பராலிசிஸ் பெர்மனென்டே'. நிரந்தர முடக்கம் என்று பொருள். பிறகு நாச்சோ கனுட் பிரிந்தார். பெனாவென்டேயின் துணைவியும் கீபோர்டு கலைஞருமான ஆனா குர்ரா வந்து சேர்ந்தார். களியாட்டத்துக்குப் பேர்போன அன்றைய மாட்ரிடில் இவர்களது இசை மட்டும் இருண்டு, இறுகி ஒலித்தது. அந்தக் காலத்தை வெறும் கொண்டாட்டமாக எழுதிச் செல்வோர் இதைக் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

என்னை ஈர்த்தது வேறொன்று. பெரிய நிறுவனம் முதலீட்டைத் தருகிறது. எந்தப் பாடல், எந்த உறை, எப்போது வெளியீடு என்ற முடிவுகளைப் பதிலுக்கு எடுத்துக்கொள்கிறது. இவர்கள் அந்தப் பேரத்தை மறுத்தனர். 'கபினெட்டே கலிகாரி' என்ற நட்புக் குழுவுடன் ஒரே இசைத்தட்டைப் பங்கிட்டு முதற்பாடல்களை வெளியிட்டனர். 1982இல் வந்த ஒரே முழு ஆல்பமான 'எல் ஆக்டோ', 'ட்ரெஸ் சிப்ரெசெஸ்' என்ற சிறு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. மூன்று சைப்ரஸ் மரங்கள் என்பது அதன் பொருள். ஸ்பெயினில் அது கல்லறைத் தோட்டத்து மரம். அதே ஆண்டில் இசைக்கலைஞர்களே நிறுவிய 'டிஆர்ஓ' போன்றவையும் எழுந்தன. இலாபத்தை விட முடிவெடுக்கும் உரிமையே இவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

1983 மே 14 அன்று, இசைப் பயணத்தின் நடுவே, ரியோகா பகுதியின் அல்ஃபாரோ அருகே நடந்த கார் விபத்தில் பெனாவென்டே இறந்தார். வயது 20. உடன் பயணித்த ஆனா குர்ரா உயிர் தப்பினார். குழு அத்துடன் முடிந்தது. அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

இளமையில் இறந்த கலைஞனின் படம் நன்றாக விற்கும். அவருக்கும் அது நேர்ந்தது. என்ன விலை கொடுத்து அந்தப் பாடல்களைத் தம் வசம் வைத்திருந்தார் என்பதை அந்தப் படம் சொல்லாது. 'கபினெட்டே கலிகாரி' பின்னர் நாடறிந்த குழுவாயிற்று. ஆனா குர்ரா 2010களில் 'எல் ஆக்டோ'வின் பாடல்களை மீண்டும் மேடையேற்றிப் பாடினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.