தகர ரயிலுக்கு ஊர் தந்தவர்



ஓசூர் ரயில் நிலையத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? அங்கே ரயில் மட்டுமா கண்ணில் படுகிறது? பச்சைக் கொடியுடன் கார்டு நிற்கிறார். தலையில் மூட்டையைச் சுமந்தபடி ஒருவர் ஓடுகிறார். பெஞ்சில் ஒரு பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இவர்கள் யாருமே இல்லாத ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். வெறிச்சென்று இருக்கும் அல்லவா?

விளையாட்டு ரயிலுக்கும் இது பொருந்தும். அதைப் புரிந்துகொண்ட ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி.

இங்கிலாந்து நாட்டின் துறைமுக நகரமான லிவர்பூலில் 1863ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஹார்ன்பி பிறந்தார். சிறு வயதில் அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அடிக்கடி மட்டம் போடுவார். (இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!) 16 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். பிறகு எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் குமாஸ்தா ஆனார். கிளாரா என்னும் பள்ளி ஆசிரியையை மணந்துகொண்டார்.

பகலெல்லாம் கணக்கு எழுதினாலும், அவர் மனம் என்னவோ வீட்டிலிருந்த சிறிய பட்டறையில்தான் இருந்தது. தம் மகன்களுக்காகத் தகட்டை வெட்டிப் பொம்மைகள் செய்வார். பாரம் தூக்கும் கிரேன் ஒன்றைச் செய்தபோது அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு பொம்மைக்கு வெட்டிய துண்டு அடுத்த பொம்மைக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

இதற்கு என்ன வழி? ஹார்ன்பி யோசித்தார். எல்லாத் துண்டுகளையும் அரை அங்குல அகலத்தில் வெட்டினார். அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டார். எல்லாத் துளைகளும் ஒரே அளவு. இப்போது எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேர்ந்தது! நட்டும் போல்ட்டும் இருந்தால் போதும். இன்றைக்குக் கிரேனாக இருப்பதை நாளைக்குப் பாலமாக்கலாம். ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைகளில் இருசக்கர வாகனங்களும் லாரிகளும் உருவாவதும் இப்படித்தான். ஒரே அளவில் செய்த பாகங்கள் என்பதால் எதை எடுத்துப் பூட்டினாலும் பொருந்துகிறது.

1901இல் இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போது ஹார்ன்பிக்கு வயது 37. முதலாளி எலியட்டே பணம் கொடுத்து உதவிப் பங்காளியும் ஆனார். ஆனால் விற்பனை நன்றாக இல்லை. பெட்டி பார்க்க அழகாக இல்லை. எப்படிச் செய்வது என்னும் விளக்கமும் போதவில்லை. சில ஆண்டுகள் நஷ்டம்தான். 1906இல்தான் முதன்முதலாகச் சிறு லாபம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அவர் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தது. பாகங்கள் செய்து கொடுத்தவர்களால் தேவைக்கு ஏற்ப அனுப்ப முடியவில்லை. சொந்தமாகப் பட்டறை தொடங்கலாம். ஆனால் மாதச் சம்பளத்தை விட வேண்டும். வீட்டிலோ மனைவி, பிள்ளைகள். தோற்றால் குடும்பம் என்ன ஆவது? நன்றாக யோசித்துவிட்டு ஹார்ன்பி வேலையை விட்டார். தம் பொம்மைக்கு மெக்கானோ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. 1914இல் லிவர்பூலில் பெரிய தொழிற்சாலையே எழும்பியது.

முதல் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்துக் கடைகளில் ஜெர்மனியில் செய்த பொம்மை ரயில்களே மிகுதியாக விற்றன. போர் அதை நிறுத்திவிட்டது. ஹார்ன்பி 1920இல் தம் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளர ரயில் ஓடும். தண்டவாளம், நிலையம், சிக்னல், சுரங்கப் பாதை எல்லாம் தகரத்தில் வந்தன.

ஆனாலும் ஏதோ குறைந்தது. என்ன அது? மனிதர்கள்! ரயில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏற ஆள் இல்லை, இறங்க ஆள் இல்லை, கொடி காட்டவும் ஆள் இல்லை.

1931இல் ஹார்ன்பி நிறுவனம் உலோகத்தில் வார்த்த சின்னஞ்சிறு உருவங்களை வெளியிட்டது. முதல் பெட்டியில் ஆறு பேர். நிலைய அதிகாரி, கார்டு, டிக்கெட் பரிசோதகர், ஓட்டுநர், இரண்டு போர்ட்டர்கள். அடுத்தடுத்த பெட்டிகளில் பயணிகளும், மாடு, ஆடு, குதிரை, பன்றி முதலிய பண்ணை விலங்குகளும் வந்தன. அந்த நாள் முதல் தகர ரயில் ஓர் ஊருக்குள் ஓடத் தொடங்கியது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ரயில் உண்மை ரயிலில் ஏறக்குறைய 43இல் ஒரு பங்கு. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை 43ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 4 சென்டிமீட்டர் வரும். பொம்மை மனிதனும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் மனிதனை நிறுத்தினால் அவன் ரயிலில் எப்படி ஏறுவான்?

நிலையத்துக்கு வெளியே சாலை வேண்டாமா? 1933 டிசம்பரில் ஆறு சிறிய வாகனங்கள் வந்தன. ரயில் விளையாட்டுக்குத் துணையாக வந்த அவை 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்னும் பெயரில் தனியாகவே புகழ் பெற்றன. இன்றும் உலகில் பலர் சேகரிக்கும் பொம்மைக் கார்கள் 43இல் ஒரு பங்கு அளவில் இருப்பதற்கு அந்த ரயில்தான் காரணம்!

ஹார்ன்பி 1931இல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1936 செப்டம்பர் 21இல், 73ஆம் வயதில் காலமானார். அவர் கட்டிய லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஆனால் ஹார்ன்பி என்னும் பெயரில் பொம்மை ரயில்கள் இன்றும் வருகின்றன.

குழந்தைகளே, நம் பகுதியிலும் ஒரு குட்டி ரயில் ஓடியது தெரியுமா? பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வசதியாக, 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டார்கள். பிறகு தருமபுரி வழியாக ஓசூருக்கும் அதே போன்ற பாதை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஓசூருக்குப் பின்னாளில் வேறு பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் திரும்ப வரவில்லை.

அந்த ரயிலை உங்கள் வீட்டுப் பலகையின் மேல் ஓட விடலாமே! விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். தீப்பெட்டிகளை ஒட்டினால் ரயில் பெட்டி. பழைய செய்தித்தாளைக் கசக்கி, மைதாப் பசை தடவிக் காய வைத்தால் கிருஷ்ணகிரி மலை. சலித்தெடுத்த கருங்கல் துகள் தண்டவாளத்து ஜல்லி. மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் புல்தரை. காய்ந்த குச்சியில் தேங்காய் நாரை ஒட்டிப் பச்சை பூசினால் மாமரம். வெட்டும் வேலைக்கு மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு களிமண்ணில் நான்கு சென்டிமீட்டரில் சில ஆட்களைச் செய்யுங்கள். மாம்பழக் கூடையுடன் ஒரு பாட்டி, கொடியுடன் ஒரு கார்டு, வேடிக்கை பார்க்க ஒரு சிறுவன். அவர்களை நிலையத்தில் நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் செய்த கிருஷ்ணகிரி நிலையத்தில் எல்லாரும் ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். அப்புறம் என்ன, ரயிலை விட வேண்டியதுதான்!