இரண்டு சேட்டுகளின் வழக்கும் பாரிஸ்டர் காந்தியும்

கடை வைத்துப் பிழைப்பவனுக்கு வக்கீல் வீட்டுப் படி ஏறுவதென்றால் மனம் கூசும். ஆயினும் கொடுக்கல் வாங்கலில் தகராறு முற்றிவிட்டால் ஏறாமலிருக்கவும் முடிவதில்லை. எதிரில் நிற்பவர் அந்நியராக இருந்துவிட்டால் பாதகமில்லை. கூடப் பிறந்தவர்களும் மாமன் மச்சான்களும் கூட்டாளிகளுமே வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிற்கும் வழக்குகள்தாம் வியாபாரிகளிடையே அதிகம். அப்படிப்பட்ட ஒரு வழக்கில் சம்பளத்துக்கு வந்து சேர்ந்த 23 வயது வாலிபர் ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தியடிகளை மகாத்மா என்று உலகமே அறியும். அன்னார் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வக்கீல் தொழில் பார்த்தவர் என்பதையும், அவருடைய கட்சிக்காரர்களில் மிகப் பலர் தென்னாப்பிரிக்காவில் கடை வைத்திருந்த நம்மவர்கள் என்பதையும் பலர் நினைவில் வைப்பதில்லை. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் சொல்லுகிறேன்.

காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் போர்பந்தர் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். லண்டன் சென்று இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்து படித்து, 1891-ஆம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பாரிஸ்டர் ஆனார். ஒரு நாள் விட்டு மறுநாளே, 12-ந் தேதி, ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

பாரிஸ்டர் பட்டம் இருந்ததே தவிரப் பிழைப்பு நடக்கவில்லை. பம்பாயில் முதன் முதலாக ஒரு சிறிய வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். வழக்கு பிடித்துக் கொடுக்கும் தரகருக்குக் கமிஷன் தர வேண்டுமென்று கேட்டார்கள். பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லியும் அவர் கொடுக்க மறுத்துவிட்டார். விசாரணை நாள் வந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வக்கீல் 51 ரூபாய் வாங்கிக்கொண்டு வேலையை எளிதாக முடித்துக் கொடுத்தார். பிறகு காந்தி ராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்துக் காலங் கழித்து வந்தார். அதில் மாதம் 300 ரூபாய் வரையில் வந்தது. ஆனால் மனம் ஒட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வியாபாரிகளின் கம்பெனி ஒன்றிலிருந்து அவருடைய தமையனாருக்குக் கடிதம் வந்தது. தாதா அப்துல்லா கம்பெனி என்பது அதன் பெயர். தென்னாப்பிரிக்காவில் அதற்குப் பெரிய வியாபாரம். அங்கே 40,000 பவுனுக்கு ஒரு வழக்கு நீண்ட நாளாக நடந்துகொண்டிருந்தது. பெரிய வெள்ளைக்கார வக்கீல்களை அமர்த்தியிருந்தார்கள். கடிதங்களும் கணக்குகளும் குஜராத்தியில் இருந்தபடியால், அவற்றைப் படித்து அந்த வக்கீல்களுக்கு விளக்கிச் சொல்ல நம்பிக்கையான ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓராண்டு வேலை. சாப்பாடும் தங்குமிடமும் போக 105 பவுன் சம்பளம். போக வர முதல் வகுப்புப் பயணச் சீட்டு. பாரிஸ்டராகப் போவதா, கம்பெனிச் சிப்பந்தியாகப் போவதா என்று அவருக்கே தெளிவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். 1893-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்.

அப்துல்லா சேட்டுக்கு எழுத்தறிவு மிகக் குறைவு. ஆனால் அனுபவ அறிவு ஏராளம். பாங்கி மானேஜர்களிடத்திலும் வெள்ளைக்கார வியாபாரிகளிடத்திலும் பேசிக் காரியத்தை முடிக்கும் அளவுக்கு ஆங்கிலம் பழகி வைத்திருந்தார். நாகரிகமாக உடையுடுத்தி வந்த பாரிஸ்டரைக் கண்டதும், யானையைக் கட்டித் தீனி போடும்படி ஆகிவிட்டதே என்று அவர் எண்ணினார். வழக்கு நடக்கும் இடமோ தொலைவிலுள்ள பிரிட்டோரியா. எதிராளியும் அங்கேயேதான் இருக்கிறார். தனியே அனுப்பினால் எதிராளி இவரை வளைத்துக்கொள்வாரோ என்ற சந்தேகம் வேறு இருந்தது. வியாபாரிக்கு வரும் நியாயமான சந்தேகந்தான்.

கணக்குப் புத்தகங்களை விரித்துக் காட்டியபோது காந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பற்று எது, வரவு எது என்பது தெரியவில்லை. குமாஸ்தா அடிக்கடி சொல்லிய புரோநோட்டு என்பது என்னவென்றும் தெரியாது. அகராதியில் பார்த்தும் அகப்படவில்லை. கடைசியில் குமாஸ்தாவையே கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னர் கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்று வாங்கி உட்கார்ந்து படித்தார். லண்டனில் படித்து வந்த பாரிஸ்டர், கடைக் குமாஸ்தாவிடம் பாடங் கேட்க வெட்கப்படவில்லை.

பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில், 1893 ஜூன் 7-ந் தேதி இரவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் நிறத்தைக் காரணம் காட்டி அவரை முதல் வகுப்பு வண்டியிலிருந்து இறக்கித் தள்ளினார்கள். இந்தச் சம்பவத்தை அறியாதவர் இல்லை. குளிரில் நடுங்கியபடி அவர் யோசித்தவற்றில் வழக்கும் ஒன்று. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் ஊருக்குத் திரும்புவது கோழைத்தனம் என்று தீர்மானித்து மேலே பயணப்பட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். எதிராளியின் பெயர் தையப் ஹாஜி கான் முகம்மது சேட். டர்பனில் அப்துல்லா சேட்டுக்கு இருந்த செல்வாக்கு, பிரிட்டோரியாவில் தையப் சேட்டுக்கு இருந்தது. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், நெருங்கிய உறவினர்கள். புரோநோட்டுகளின்படி வர வேண்டிய தொகையும், எழுதித் தருவதாக வாக்களித்த நோட்டுகளும் தமக்குச் சேர வேண்டும் என்பது அப்துல்லா சேட்டின் வாதம். அந்த நோட்டுகள் மோசடியாகப் பெறப்பட்டவை, அவற்றுக்குத் தக்க பிரதிப்பயன் இல்லை என்பது தையப் சேட்டின் எதிர்வாதம். எல்லாம் கணக்கிலே சிக்கிக் கிடந்த விஷயங்கள்.

காந்தி கடிதங்களை மொழிபெயர்த்தார். ஒவ்வொரு பதிவையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வழக்கை மூன்று பங்கும் தாங்கி நிற்பது நடந்த சங்கதிகளே என்பதையும், சங்கதிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சட்டம் தானே பின்னால் வரும் என்பதையும் இங்கேதான் கண்டுகொண்டார். தம் கட்சிக்காரரின் பக்கம் பலமானது என்பது தெளிவாயிற்று.

சாதாரண வக்கீலாக இருந்தால் இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு கோர்ட்டுக்குப் புறப்பட்டிருப்பார். காந்தி வேறொரு கணக்கையும் போட்டுப் பார்த்தார். இரு பக்கத்திலும் பெரிய வக்கீல்கள். கட்டணம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. ஜெயித்தவருக்குத் தோற்றவர் செலவு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பானாலும், கோர்ட்டு அனுமதிக்கும் செலவு ஓர் அளவுக்கு உட்பட்டது. வக்கீலுக்குக் கட்சிக்காரர் உண்மையில் கொடுப்பதோ அதைவிட மிகவும் அதிகம். ஆகையால் ஜெயித்தவரும் செலவு முழுவதையும் திரும்பப் பெற முடியாது. அதோடு இரு சேட்டுகளுக்கும் வேறு வியாபாரத்தில் புத்தி செல்லவில்லை. எந்நேரமும் வழக்கே நினைவு. மனக்கசப்பும் வளர்ந்து வந்தது. இந்த வழக்கு இப்படியே போனால் இரண்டு குடும்பங்களும் அழிந்துவிடும் என்று அவருக்குப் பட்டது.

அவர் தையப் சேட்டை நேரில் போய்ப் பார்த்தார். இருவரும் நம்பும் ஒரு மத்தியஸ்தரிடம் வழக்கை ஒப்படைத்தால் விரைவில் முடியும் என்று எடுத்துரைத்தார். அப்துல்லா சேட்டிடமும் பேசினார். கடைசியில் இருவரும் இசைந்தனர். மத்தியஸ்தர் நியமிக்கப்பட்டு, அவர் முன்னிலையில் வாதம் நடந்தது. அப்துல்லா சேட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. தையப் சேட் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 37,000 பவுன், செலவு வேறு.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. தீர்ப்பை உடனே நிறைவேற்றினால் தையப் சேட் தீர்ந்து போவார். அவ்வளவு தொகையை ஒரேயடியாக எடுத்து வைக்க அவரால் இயலாது. மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தப்பிக்கவும் அவர் விரும்பவில்லை. திவாலாவதைவிடச் சாவதே மேல் என்பது அங்கிருந்த போர்பந்தர் மேமன்களிடையே எழுதப்படாத சட்டம். ஒரு பைசாவும் குறையாமல் கொடுக்க வேண்டும், திவால் என்ற பெயரும் வரக் கூடாது என்பதே அவர் எண்ணம். இதற்கு ஒரே வழிதான் உண்டு. ஜெயித்தவர் தவணை கொடுக்க வேண்டும்.

மத்தியஸ்தத்துக்கு இருவரையும் சம்மதிக்க வைத்ததைவிட, இந்தத் தவணைக்கு அப்துல்லா சேட்டைச் சம்மதிக்க வைப்பதுதான் காந்திக்குப் பெரும்பாடாயிற்று. தீர்ப்பு கையில் இருக்கும்போது விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் அப்துல்லா சேட் மனம் இரங்கினார். மிக நீண்ட காலத்தில் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்க்கும்படி தவணை அளித்தார். கொடுக்க வேண்டியவருக்கு மானம் நின்றது. வாங்க வேண்டியவருக்கு முதல் நின்றது. ஊரில் இருவருடைய மதிப்பும் உயர்ந்தது. பிரிந்து நிற்கும் இரு தரப்பாரைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்று காந்தி அன்று முதல் கொண்டார். பின்னர் அவர் நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாகவே முடித்து வைத்தார். அதனால் தமக்குப் பண நஷ்டமும் ஏற்படவில்லை என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வேலை முடிந்து ஊருக்குப் புறப்படும் சமயத்தில், இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டசபைக்கு வந்தது. அவர் நின்று போராட வேண்டுமென்று வியாபாரிகள் கேட்டுக்கொண்டார்கள். பொதுவேலைக்குச் சம்பளம் வாங்க மாட்டேன் என்றார் காந்தி. அதன் பேரில் சுமார் 20 வியாபாரிகள் ஓராண்டுக்குத் தங்கள் வழக்குகளை அவரிடமே கொடுப்பதாக ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டினார்கள். நேட்டால் வக்கீல் சங்கம் எதிர்த்தும், 1894 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவரை வக்கீலாகப் பதிவு செய்தது.

தொழிலில் நிலைபெறுமுன்பே அவரைத் தேடி வந்தார் ஒரு தமிழர். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. காந்தி அந்த முதலாளியைத் தண்டிக்க வேண்டுமென்று நிற்கவில்லை. பாலசுந்தரத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிவிடச் செய்து, அந்தக் கொடுமையிலிருந்து விடுவித்தார். இந்தச் செய்தி ஒப்பந்தக் கூலிகள் எல்லாரிடமும் பரவிற்று.

ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் நடத்திய காலத்தில் நடந்த மற்றொரு வழக்கு கணக்கெழுதுவோர் அனைவரும் அறிய வேண்டியது. கோர்ட்டு நியமித்த கணக்கு நிபுணர்கள் காந்தியின் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. பற்றில் வைக்க வேண்டிய ஒரு பதிவு வரவில் ஏறியிருந்தது. எதிர்க்கட்சியினர் வேறு காரணம் சொல்லித் தீர்ப்பை எதிர்த்தார்களே ஒழிய, இந்தத் தப்பைக் கவனிக்கவில்லை. பெரிய வக்கீலோ, நாமாக ஒப்புக்கொண்டால் தீர்ப்பே ரத்தாகிவிடும், வாய் திறக்கக் கூடாது என்றார். காந்தி இசையவில்லை. கட்சிக்காரரும் காந்தி சொன்னபடியே ஆகட்டும் என்றார். பெரிய வக்கீல் விலகிக்கொள்ள, காந்தியே எழுந்து தப்பை ஒப்புக்கொண்டார். நீதிபதி முதலில் இது ஏதோ தந்திரமோ என்று சந்தேகப்பட்டார். வாதத்தை முழுவதும் கேட்டபின் இது கைத்தவறே என்று கண்டு, தப்பை மட்டும் திருத்தித் தீர்ப்பை உறுதி செய்தார்.

டர்பனில் பார்ஸி ருஸ்தம்ஜி என்ற பெரிய வியாபாரி இருந்தார். காந்திக்குக் கட்சிக்காரர், பொதுவேலையில் உற்ற தோழர். எதையும் ஒளிக்காதவர் ஒன்றை மட்டும் ஒளித்திருந்தார். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் சரக்குக்குச் சுங்கம் கட்டாமல் அடிக்கடி கடத்தி வந்தார். பிடிபட்டதும் கண்ணீரோடு காந்தியிடம் ஓடி வந்தார். சாமர்த்தியமாக வாதாடி விடுவிக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். காந்தியோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே வழி, ஜெயிலுக்குப் போக நேர்ந்தாலும் அதற்கும் தயாராக வேண்டும் என்றார். ஜெயிலுக்குப் போவதைவிடக் குற்றம் செய்ததுதான் வெட்கம் என்று எடுத்துச் சொன்னார். ருஸ்தம்ஜி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சம்மதித்தார். சுங்க அதிகாரியிடமும் அரசாங்க வக்கீலிடமும் எல்லாவற்றையும் திறந்து சொல்லவே, ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இரு மடங்கு கட்டுவதோடு விஷயம் முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்த முழுவதையும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் ஆபீசில் மாட்டி வைத்தார். பின்னால் வரும் பிள்ளைகளும் வியாபாரிகளும் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பொதுவாழ்வு பெருகப் பெருகக் காந்தி தொழிலைச் சுருக்கிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவை விட்டு 1914-ல் புறப்படுமுன்பே அதை விட்டுவிட்டார். இந்தியாவில் ராஜத்துரோக வழக்கில் தண்டனை அடைந்தபின், 1922-ல் இன்னர் டெம்பிள் அவர் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கியது. 1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரை நீக்கிய அதே கழகம், 66 ஆண்டுகளுக்குப் பிறகு, 1988-ல் அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

சகோதரர்களே! கூட்டு வியாபாரம் செய்யும் நம்மிடையே மனத்தாங்கல் வராமல் இருக்காது. வந்தால் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் போவோம். தீர்ப்பு நம் பக்கம் ஆனால் கொடுக்க வேண்டியவரின் நிலைமையையும் பார்ப்போம். அப்துல்லா சேட் அன்று தவணை கொடுக்காதிருந்தால், அவர் வழக்கில் ஜெயித்திருப்பார். பிரிட்டோரியாவில் ஒரு கடை மூடப்பட்டு, போர்பந்தரில் ஓர் உறவும் அற்றுப் போயிருக்கும்.