தண்ணீரில் ஓடிய கார்: ஸ்டான்லி மேயர் கதையில் யாரும் ஃபார்வர்டு செய்யாத பாதி

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் காலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், அம்பத்தூர் வருவதற்குள் நாலைந்து வீடியோ பார்த்துவிடலாம். அதில் அடிக்கடி தலைகாட்டும் பழைய வீடியோ ஒன்று உண்டு. கூரை இல்லாத ஒரு குட்டி கார். அதை ஓட்டிக் காட்டும் அமெரிக்கர். டேங்க்கில் வெறும் தண்ணீர். கடைசியில் அந்தப் பரபரப்பான வரி வரும்: எண்ணெய் கம்பெனிகள் இவரை விஷம் வைத்துக் கொன்றுவிட்டன!

ஃபேமிலி குரூப்பில் சித்தப்பாவோ ஆபீஸ் குரூப்பில் சீனியரோ இதை உங்களுக்கும் அனுப்பியிருக்கலாம். அந்த அமெரிக்கரின் பெயர் ஸ்டான்லி மேயர். அவர் உண்மையில் வாழ்ந்தவர். கார் இருந்தது, பேட்டன்ட்டும் இருந்தது. ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென இறந்ததும் நடந்ததுதான். ஆனால், இந்தக் கதையில் ஒரு கோர்ட் கேஸும் இருக்கிறது. ஃபார்வர்டு மெசேஜில் அது மட்டும் காணாமல் போய்விடும்.

யார் இந்த மேயர்?

ஸ்டான்லி ஆலன் மேயர் 1940 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகள்; உடன் பிறந்தவர் பெயர் ஸ்டீபன். சின்ன வயதிலிருந்தே எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு குடியேறியது க்ரோவ் சிட்டியில். சென்னைக்கு அம்பத்தூர், பூந்தமல்லி எப்படியோ, கொலம்பஸுக்கு க்ரோவ் சிட்டி அப்படி. பெருநகரத்தை ஒட்டிய புறநகர்.

அவர் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973-ல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய 4 மடங்கு ஆனது. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. 1979-ல் மறுபடியும் அதே கூத்து. பெட்ரோலுக்கு மாற்று என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க ஊரே தயாராக இருந்த நேரம் அது.

மேயர் சொன்ன மாற்று, தண்ணீர்.

என்ன சொன்னார்?

தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. மின்சாரம் செலுத்தினால் இரண்டும் பிரியும். பள்ளியில் படித்த மின்னாற்பகுப்புதான் இது; 1800-லேயே செய்து காட்டப்பட்டது. அதில் சிக்கலே, மின்சாரம் நிறைய செலவாகும் என்பதுதான். தன்னுடைய கருவி அப்படி இல்லை என்றார் மேயர். உயர் அழுத்த மின்சாரத்தைக் குறிப்பிட்ட ரிதத்தில் துடிப்பு துடிப்பாகக் கொடுத்தால், மிகக் குறைந்த மின்சாரத்திலேயே தண்ணீர் உடைந்துவிடும் என்பது அவருடைய வாதம். கருவிக்கு வைத்த பெயர் வாட்டர் ஃபியூயல் செல்.

மணலில் ஓட்டும் டூன் பக்கி ரக வண்டி ஒன்றில் இதைப் பொருத்தியதாகச் சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போக 22 கேலன், அதாவது சுமார் 83 லிட்டர் தண்ணீர் போதும் என்றார். உள்ளூர் டி.வி. வண்டியைப் படம் பிடித்து ஒளிபரப்பியது. பேட்டன்ட்டுகள் வரிசையாகக் கிடைத்தன. பிரிட்டிஷ் கடற்படையில் உயர் பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற அட்மிரல் ஆன்டனி கிரிஃபின்கூட அவரை நம்பி ஆதரித்தார். ஆக, ஏமாளிகள் மட்டும்தான் இதையெல்லாம் நம்புவார்கள் என்று நினைத்தால் அது தப்பு. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஈ.பி. பில் கணக்கு

ஏன் இது ஓடாது? காரணம் எளிமையானது. தண்ணீர், ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவது. விறகு எரிந்தால் சாம்பல். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர். சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டுச் சோறு பொங்க முடியாது. சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளியே வந்த அத்தனை ஆற்றலையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

1 லிட்டர் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் சுமார் 4.4 யூனிட் மின்சாரம் தேவை. வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடும் அதே யூனிட். கார் பேட்டரி ஒன்றை (12 வோல்ட், 45 ஆம்பியர்-ஹவர்) முழுசாகக் காலி செய்தால் கிடைப்பது அரை யூனிட் சொச்சம். அதாவது, ஒரு சொட்டு நஷ்டம் இல்லாமல் செய்தாலும் 1 லிட்டருக்கு 8 பேட்டரி காலி. அப்படிப் பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் அதே 4.4 யூனிட். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. பிரிக்கும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். இன்ஜினுக்குள் போனால் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். போட்ட முதலே திரும்பாத வியாபாரம்.

சரி, மேயரின் கருவி மின்சாரமே இல்லாமல் தண்ணீரைப் பிரித்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு இடிக்கிறது. 83 லிட்டர் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் மொத்தத்தையும் எரித்தால் கிடைக்கும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லாஸ் ஏஞ்சலிஸ் - நியூயார்க் தூரம் சாலை வழியாகச் சுமார் 4,500 கி.மீ. வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 110 கி.மீ.க்கு மேல் மைலேஜ் வர வேண்டும். நம்ம ஊர் கம்யூட்டர் பைக்குகளே தராத மைலேஜை ஒரு கார் கொடுத்தாக வேண்டும்!

கருவியைத் திறந்து பார்த்த கோர்ட்

மேயர் விற்றது காரை அல்ல, டீலர்ஷிப்பை. நாளைக்கு இந்தத் தொழில்நுட்பம் சந்தைக்கு வரும்போது வியாபாரம் செய்யும் உரிமைக்கு இன்றைக்கே பணம். அப்படிப் பணம் போட்ட இரண்டு பேர், காத்திருந்து அலுத்து, ஒஹையோ கோர்ட்டுக்குப் போனார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றின் மின்பொறியியல் பேராசிரியர் மைக்கேல் லாட்டன், வண்டியைச் சோதிக்க நிபுணராக வந்தார். வண்டியை ஓட்டிக் காட்டியிருந்தால் கேஸே அன்றோடு முடிந்திருக்கும். ஆனால், அவருக்கு வண்டியைச் சோதிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. மேயர் சாக்குச் சொல்லித் தவிர்த்துவிட்டார். கருவியை மட்டும் 3 நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். உள்ளே புரட்சி எதுவும் இல்லை. பள்ளி லேபில் நடக்கும் அதே சாதாரண மின்னாற்பகுப்புதான் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

1996-ல் தீர்ப்பு வந்தது. மேயர் செய்தது அப்பட்டமான, மிகப் பெரிய மோசடி என்று கோர்ட் சொன்னது. இருவருக்கும் சேர்த்து 25,000 டாலரைத் திருப்பித் தர உத்தரவானது. அவர் உயிரோடு இருந்தபோதே, இறப்பதற்கு 2 வருடம் முன்பே வந்த தீர்ப்பு இது.

அந்தக் கடைசி இரவு

1998 மார்ச் 20. க்ரோவ் சிட்டியில் ஓர் உணவகம். மேயர், சகோதரர் ஸ்டீபன், பெல்ஜியத்திலிருந்து வந்த இரண்டு முதலீட்டாளர்கள். ஜூஸை ஒரு வாய் குடித்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். தனக்கு விஷம் வைத்துவிட்டதாகச் சொல்லிச் சரிந்தார். அங்கேயே உயிர் போனது. வயது 57.

கூடப் பிறந்தவர் கண்முன்னே சரிந்து விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். போலீஸும் அதை அலட்சியப்படுத்தவில்லை. சுமார் 3 மாதம் விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனை நடத்திய ஃபிராங்க்ளின் மாவட்ட அதிகாரியின் முடிவு, மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்ததால் ஏற்பட்ட மரணம். போலீஸும் அதையே ஏற்றுக் கோப்பை மூடியது. அந்த வகை ரத்தக்கசிவு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சில நொடிகளில் ஆளைச் சாய்க்கக்கூடியது.

ஆனாலும், வதந்தி மட்டும் சாகவில்லை. தோற்றுப்போன ஒரு வழக்கைவிட மர்ம மரணம் சுவாரஸ்யமான கதை இல்லையா?

கம்பெனிகள் மறைத்துவிட்டனவா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆவடியில் ராணுவ டாங்க் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராகும் டாங்க்குகள் குடிப்பது டீசல். போர்க்களத்துக்கு எரிபொருள் கொண்டு சேர்ப்பதுதான் எந்த ராணுவத்துக்கும் பெரிய தலைவலி. தண்ணீரில் வண்டி ஓடும் என்றால், முதலில் ஓட்டியிருப்பது ராணுவங்கள்தான். அமெரிக்க எண்ணெய் கம்பெனி மிரட்டி, எண்ணெயை இறக்குமதி செய்யும் இந்தியா, சீனா, ஜப்பான் எல்லாம் வாயை மூடிக்கொண்டன என்பது நம்புகிற மாதிரியா இருக்கிறது?

பேட்டன்ட் என்பது கருவி வேலை செய்யும் என்பதற்கான சான்றிதழும் இல்லை. ஒரு யோசனைக்கு இவர்தான் சொந்தக்காரர் என்று பதிவு செய்வது, அவ்வளவே. அதற்கு விலையாக யோசனையை ஊரறிய வெளியிட்டாக வேண்டும். மேயரின் பேட்டன்ட்டுகள் இன்று காலாவதியாகி, எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி கிடக்கின்றன. அதில் உள்ள ஸ்டீல் குழாய்களை அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கிவிடலாம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் செய்து பார்த்தும் விட்டார்கள். குமிழி வருகிறது. ஆனால், உள்ளே போன மின்சாரத்தைவிட அதிக ஆற்றல் வெளியே வந்ததாக, சுதந்திரமான சோதனை எதுவும் இதுவரை காட்டவில்லை.

அதே 1996, நம்ம ஊரில்

மேயர் மீதான தீர்ப்பு வந்த அதே ஆண்டில்தான் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்பது அவர் சொன்னது. டெல்லி வரை போய்ச் செய்து காட்டினார். ஆனால், விஞ்ஞானிகள் கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை. ஊரும் மொழியும் வேறுதான். ஆனால் செய்து காட்டுவது ஒன்று, அடுத்தவர் சோதிக்க விடுவது வேறு என்ற பாடம் இரண்டிலும் ஒன்றே.

அப்போ ஹைட்ரஜன் ரயில்?

நியாயமான கேள்வி. வில்லிவாக்கம் பக்கத்தில் இருக்கும் ஐ.சி.எஃப்.-ல் 2025 ஜூலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. அது உண்மை. அதில் ஹைட்ரஜன் வேறு இடத்தில், மின்சாரமோ வேறு எரிபொருளோ செலவழித்துத் தயாரிக்கப்பட்டு, சிலிண்டரில் நிரப்பப்படுகிறது. ரயில் அதைச் சுமந்து ஓடுகிறது. தண்ணீர் கழிவாக வெளியே வருகிறது. செலவைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. மேயர் கதையில் தண்ணீர் உள்ளே போகிறது, ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை.

ஆன்லைனில் விற்கும் எச்.எச்.ஓ. கிட்டுகளுக்கும் இதே கேள்விதான். பேட்டரி தண்ணீரைப் பிரிக்கும், அந்த வாயு மைலேஜைக் கூட்டும் என்பார்கள். அந்த பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அதைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் குடிப்பது நீங்கள் போட்ட பெட்ரோல். இடது பாக்கெட்டிலிருந்து எடுத்து வலது பாக்கெட்டில் போடும்போது, வழியில் கொஞ்சம் சிந்தவும் செய்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்பது தனி ஆபத்து.

அடுத்த முறை யாராவது கிட் வாங்கவோ டீலர்ஷிப் எடுக்கவோ கூப்பிட்டால், இரண்டே கேள்வி போதும். ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வண்டியை வேறொருவர் கையில் கொடுத்து, டேங்க்கையும் பேட்டரியையும் சீல் வைத்துச் சோதிக்க விடுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மேயர் கோர்ட்டிலேயே பதில் சொல்லவில்லை. தண்ணீர் எரிபொருளாக இருந்திருந்தால், பூந்தமல்லி தாண்டி இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி இந்நேரம் எண்ணெய்க் கிணறு மாதிரி வேலி போட்டுக் காவல் நின்றிருக்கும்.