மேரி செப்மன் அம்மையார்

என் சாச்சியின் மகனுக்குக் காது கேட்காது. கொலன்னாவையில் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு பாடசாலையில் சேர்க்கப் போனபோது, இங்கே சரிவராது, இரத்மலானைக்குக் கொண்டு போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சாச்சி அழுதுகொண்டே வந்தார். அந்த இரத்மலானைப் பாடசாலையைத் தொடங்கியவர் யார் என்று அன்றுதான் தேடிப் படித்தேன்.

மேரி செப்மன் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிப் பெண். பேசாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் எண்ணிய காலத்தில், 1912ஆம் ஆண்டு தெஹிவளையில் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். இலங்கையில் அத்தகைய முதற் பாடசாலை அதுதான். பின்னர் அது இரத்மலானைக்கு மாறி, இன்றும் நடக்கிறது. அம்மையார் அத்தோடு நிற்கவில்லை. பர்மாவுக்குப் போய் 1920இல் ரங்கூனிலும் செவிப்புலனற்றோர் பாடசாலை ஒன்றைத் திறந்தார். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இங்கே எங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

வேறெந்தக் கதவும் திறக்காததால்தான் அவர் தனிக் கதவொன்றை அமைத்தார் என்று நான் நினைக்கிறேன். மற்றக் கதவுகளைச் சாத்திவைக்க அதை ஒரு சாட்டாக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனம் எதிலும் அனுமதி மறுக்கக் கூடாது. மறுத்தால் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சாச்சிக்கு இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரத்மலானையே நல்லதென்று சாச்சி முடிவெடுத்தால் அது அவர் விருப்பம். அடுத்த கிழமை அதே பாடசாலைக்கு நானும் அவரோடு போகிறேன். சட்டத்தின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.